தவசிமுத்துவின் கையில் நின்ற பஸ்

ரயில்வே கேட்டைத் தாண்டி, உப்பு லாரிகள் போகிற ரோட்டில், பூந்தேர் பஸ் கம்பெனியின் பட்டறையில் ஒரு மனுஷர் ஒரு முழுப் பஸ்ஸை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு நின்ற காலத்தில், அந்த வழியே போகிறவர்கள் சைக்கிளை ஒரு கால் ஊன்றி நிறுத்தி, "அண்ணாச்சி, உடன்குடி வண்டி போயிட்டா?" என்று கேட்பார்கள், அவரும் கையை எடுக்காமல், தலையை மட்டும் திருப்பி, "இப்பத்தான் போவுது, வேகமா மிதிச்சா கேட்டுல பிடிச்சிரலாம்" என்பார், அவர்களும் மிதித்துப் போய்ப் பிடித்துவிடுவார்கள். பஸ் ஏன் அவர் கையில் இருக்கிறது என்று கேட்டவர்கள் எல்லாம் முதல் வாரத்திலேயே கேட்டு முடித்திருந்தார்கள்.

அவர் பெயர் தவசிமுத்து. அந்தக் கம்பெனியின் மெக்கானிக். அவர் பெண்சாதி தங்கபுஷ்பம், மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, மகனை மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டு, காலையில் முத்தாரம்மன் கோவிலுக்கும் மத்தியானம் பட்டறைக்கும் நடக்கிறவளாக இருந்தாள். கோவிலில் கும்பிட்டாள், பட்டறையில் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவளால் ஆனது அவ்வளவுதான்.

எல்லாம் அந்த நாலு தூண் வந்த நாளில் ஆரம்பித்தது. தூண் என்றால் மண்டபத்துத் தூண் இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் கூடின இரும்புத் தூண், அடியில் சக்கரம், முன்னால் இரண்டு இரும்புக் கை. நாலையும் வேண்டிய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், பஸ்ஸின் நாலு மூலைச் சக்கரத்துக்கும் ஒவ்வொன்றாக அணைத்து வைத்து, ஒன்றுக்கொன்று வயர் மாட்டி, ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுகிற மாதிரி நாலும் ஒன்றாகச் சேர்ந்து பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைக்கு மேலே வைத்துவிடும். அதுவரைக்கும் தவசிமுத்து சாக்கை விரித்து மல்லாந்து படுத்துத்தான் வேலை பார்த்தார். அவர் சட்டை முதுகைத் துவைத்துத் துவைத்துத் தங்கபுஷ்பத்தின் விரல் இடுக்கெல்லாம் கருத்துப்போயிருந்தது. தூண் வரப்போகிறது என்று அவர் சொன்ன அன்றைக்கு அவள் அம்மனுக்கு ஒரு முழம் பிச்சி வாங்கிப் போட்டாள். இனிமேல் இந்த மனுஷர் நின்றுகொண்டு வேலை பார்ப்பார் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

தூண் விற்ற கம்பெனியிலிருந்து வந்த பையன் எல்லாருக்கும் சொல்லித்தான் கொடுத்தான். "தூக்கின உடனே அப்படியே விட்டுறக் கூடாது சார். தூக்கி முடிச்சு, ரெண்டு விரக்கடை கீழ எறக்கணும். அப்பத்தான் உள்ள இருக்க பூட்டு டக்குன்னு விழும். அந்தச் சத்தம் கேட்ட பொறவுதான் அடியில ஆள் போகலாம்." தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடும் போட்டான். வண்டி மேலே இருக்கும்போது வேலைக்காரர்களைத் தவிர யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் பூந்தேர் கம்பெனிக்கு ஒரு வழக்கம் இருந்தது. புது வண்டி வந்தால் முதல் நாள் அதைப் பின்னால் எடுக்கவே மாட்டார்கள். எதிரே சுவர் வந்தால் சுவரை இடித்தாலும் இடிப்பார்கள், ரிவர்ஸ் போட மாட்டார்கள். தூணுக்கும் அதே நியாயம்தான் என்று ஃபோர்மேன் சுடலையாண்டிக்குத் தோன்றிவிட்டது. பூசை போட்டு, சூடம் காட்டி, பழைய உடன்குடி வண்டியை முதல் முதலாகத் தூக்கி நிறுத்தி, எல்லாரும் கை தட்டின பிறகு, ஜாபர் என்கிற மெக்கானிக், "அண்ணாச்சி, ரெண்டு விரக்கடை எறக்கணுமாம்லா" என்று ஞாபகப்படுத்தினான்.

"ஏல, மொத மொத ஏறின வண்டிய ஏறின கையோட எறக்குவாங்களால? வெளங்குமா? நாளைக்கு எறக்குவோம்" என்றார் சுடலையாண்டி.

அதில் யாருக்கும் தப்பு தெரியவில்லை. தவசிமுத்துவும் தலையை ஆட்டினார். எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் வாங்கப் போனபோது, அவர் மட்டும், இருபது வருஷமாய் மல்லாந்து படுத்துப் பார்த்த கியர்பாக்ஸ் ஒழுகலை நின்றுகொண்டு ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, பஸ்ஸுக்கு அடியில் நட்ட நடுவில் போய் நின்றார். அப்போது கரண்டு போனது. நாலு தூணும் ஒரே நேரத்தில் வயசாளி மாதிரி பெருமூச்சு விட்டன. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவர் மாதிரி அவர் இரண்டு கையையும் உயர்த்தி பஸ்ஸின் வயிற்றில் வைத்தார், பஸ் நின்றுவிட்டது.

அவ்வளவுதான் நடந்தது.

பிறகு செய்து பார்க்காத வேலை இல்லை. கரண்டு வந்ததும் தூண்களை மறுபடி ஏற்றினார்கள், அவர் ஒரு விரலைத் தளர்த்தினதும் நாலு தூணும் முட்டி மடங்கிக்கொண்டு கீழே வந்தன. மரக்கட்டை அடுக்கினார்கள், கட்டைகள் ரஸ்க் மாதிரி நொறுங்கின. ஆறு பேர் அவர் கைக்குப் பக்கத்தில் கை வைத்து, "நாங்க பிடிச்சுக்கிட்டோம், நீரு மெள்ள விடும் வே" என்றார்கள், பஸ் அந்தப் பன்னிரண்டு கையையும் மதிக்கவே இல்லை. அவர் மெதுவாகக் குனிந்து பஸ்ஸையும் கூடவே இறக்கட்டும் என்று ஒரு தரம் பார்த்தார்கள், முட்டி கொஞ்சம் மடங்கினதும் பஸ் ஒரே பாய்ச்சலாக ஒரு சாண் கீழே பாய்ந்து, கண்ணாடியெல்லாம் கலகலவென்று கொட்டி, அவர் நிமிர்ந்த பிறகுதான் பழைய உயரத்துக்குப் போய் அடங்கியது. விட்டுவிட்டு ஓடவும் வழியில்லை, எந்தப் பக்கம் ஓடினாலும் மூன்று எட்டு வைத்தால்தான் வெளிச்சம், பஸ்ஸோ ஒரு எட்டுக்குக்கூடப் பொறுக்காது. இரண்டாம் தரம் சோதித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. சுடலையாண்டி, தன்னால்தானே வந்தது என்று மனசு கேட்காமல், நாலு சக்கரம் இருக்க வேண்டிய இடத்திலும் எலுமிச்சம்பழம் வைத்துத் தானே காலால் மிதித்து நசுக்கிவிட்டு, சாறு தெறித்த வேட்டியோடு ஓரமாய் உட்கார்ந்து அழுதார்.

தங்கபுஷ்பம் ஓடி வந்தபோது அவளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள்.

"உள்ள போவக் கூடாதுக்கா, முதலாளி உத்தரவு" என்றான் ஜாபர். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"ஏங்க!" என்று அவள் இங்கிருந்தே கூப்பிட்டாள். "கனக்குதா?"

"கனமே இல்ல புஷ்பம்" என்றார் தவசிமுத்து. "தூங்குற பிள்ளைய யார்கிட்ட இருந்தோ வாங்கி வச்சிருக்க மாதிரி இருக்கு. நீ வீட்டுக்குப் போ. அடுப்ப அணைச்சியா?"

அணைத்தாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது பருப்பு அடிப்பிடித்துக் கருகிக் கிடந்தது.

கொஞ்ச நாளில் ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. அவர் சாய்ந்துகொள்ள முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை நட்டார்கள், அவர் அதில் சாய்ந்து, குதிரை தூங்குகிற மாதிரி நின்றபடியே தூங்கினார், கை மட்டும் தூங்காது. சவரமும் ஒரு வேலைதானே என்று கோட்டுக்குள் விடப்பட்ட மாடசாமி முதல் நாள் ஒவ்வொரு இழுப்புக்கும் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தான், நாலாவது தரம் வந்தபோது பஸ்ஸின் அச்சில் துண்டைத் தொங்கப்போட்டுவிட்டு ஊர்க் கதை பேச ஆரம்பித்தான். தங்கபுஷ்பம் கொண்டுவரும் சோற்றைக் கோட்டில் வைத்து வாங்கி ஜாபர்தான் ஊட்டினான், மற்றதெல்லாமும் ஜாபர்தான், கூடப் பிறந்தவன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். வண்டிதான் மேலே இருக்கிறதே என்று மெக்கானிக்குகள் அவர் காதோரமாய் நின்று கியர்பாக்ஸ் ஒழுகலைச் சரி பண்ணினார்கள், ஸ்பிரிங் பட்டையை மாற்றினார்கள், கிரீஸ் அடித்தார்கள், ஒரு நாளும் ஓடாத அந்தப் பஸ் ஜில்லாவிலேயே நல்ல கண்டிஷனில் இருக்கிற பஸ் என்று பேர் வாங்கியது. பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிவந்து பாரம் என்றால் என்ன என்று பாடம் நடத்தினார். அந்த வண்டியிலேயே தினமும் போய்ப் பழகின பூக்காரிகள் கோட்டுக்கு வெளியே கூடையோடு நின்று, "அண்ணாச்சி, எங்க வண்டிய எப்ப விடுவிய? மாத்து வண்டில கூடை வைக்கவே எடமில்ல" என்று அவரிடமே சண்டை போட்டார்கள்.

"நானா தாயி பிடிச்சு வச்சிருக்கேன்?" என்பார் அவர்.

"பின்ன நாங்களா?" என்பாள் ஒருத்தி. எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரிக்கும்போது பஸ் மெதுவாகக் குலுங்கும், டிரைவர் சீட்டுக்கு மேலே கட்டியிருந்த பிளாஸ்டிக் மாலை கிணுகிணுக்கும்.

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. அவள் ஒருத்திதான் அவர் முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தாள். கழுத்தில் இரண்டு பக்கமும் நரம்பு கயிறு மாதிரி புடைத்து நின்றது. கனமே இல்லை என்கிற ஆளுக்கு ஏன் காதோரத்தில் அப்படி வேர்க்கிறது? கேட்டால் புழுக்கம் என்பார். முதலாளி ஒரு ஃபேன் வாங்கி வைத்தார். ஃபேன் காற்றிலும் வேர்த்தது.

அந்த முதலாளிதான் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூலையில் சும்மா கிடந்த நாலு தூணையும் பார்த்து, "இத எதுக்கு இங்க வீணாப் போட்டு வச்சிருக்கிய? நம்ம தென்காசிப் பட்டறைல ஆளுக மல்லாந்து படுத்துக் கஷ்டப்படுதானுவ. அங்க அனுப்புங்க. இங்கதான் தவசிமுத்து இருக்காருல்லா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். மறுநாள் தூண்களை லாரியில் ஏற்றினார்கள். லாரி போகும்போது நாலு தூணும் இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, வழியனுப்ப யாருமில்லாத பெண்பிள்ளைகள் மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டு போயின. தங்கபுஷ்பம் லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தாள். ஏன் நடந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட் அடைத்திருந்த நேரத்தில் லாரி நின்றபோது ஒரு தூணின் குளிர்ந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்காவது பூட்டு விழட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அவள் கும்பிடுவதும் நாளாக நாளாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில், "அம்மா, பஸ்ஸ எறக்கி என் வீட்டுக்காரர எனக்குத் தா" என்று கேட்டாள். பிறகு, "ஒரு ராத்திரி அவுக படுத்துத் தூங்கட்டும்" என்று கேட்டாள். பிறகு, "கை மட்டும் ஒரு நாழிக கீழ வரட்டும்" என்றாள். கடைசியில், மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஓட்டுவதற்கு ஒரே ஒரு விரல், ஒரே ஒரு விரல் போதும் தாயே என்று கேட்கிற நிலைமைக்கு வந்திருந்தாள். அதுவும் கிடைக்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் மூக்கில் ஈ உட்காரும், இந்தப் பக்கம் இவள் தன் மூக்கைச் சுளித்துச் சுளித்து ஓட்டிப் பார்ப்பாள்.

மகள் திருப்பூரிலிருந்து போனில் அழுதாள். மகன் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்து, "ஏம்மா, அங்க ஒரு எஞ்சினியருகூடவா இல்ல?" என்று கத்தினான். எஞ்சினியர்கள் வந்துதான் போனார்கள். அளந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், தவசிமுத்துவோடு நின்று செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் தங்கபுஷ்பம் ரேஷன் அரிசி மூட்டையை வாசலிலிருந்து அடுப்படிக்குத் தூக்க மாட்டாமல், அவிழ்த்துச் சருவம் சருவமாய் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தாள். பாதி மூட்டையில் அவள் கை நின்றது. அரிசியை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் பட்டறைக்கு ஓடினாள்.

"சுடலை அண்ணாச்சி, மூட்டையத் தூக்க முடியலன்னா பிரிச்சுத் தூக்குறதில்லையா? அந்தப் பஸ்ஸ மேல இருந்து கழத்திப் போட்டா என்ன?"

சுடலையாண்டி அவளைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். "எம்மா! இது ஏன் ஒருத்தனுக்கும் தோணல?" என்றார்.

முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். பட்டறையின் தகரக் கூரையைப் பிரித்து, முழுப் பஸ்ஸைத் தூக்கத் தெம்பில்லாத ஒரு சின்னக் கிரேனின் சங்கிலியை மேலிருந்து தொங்கவிட்டார்கள். முதலில் சீட்டுகள் போயின. டீக்கடைக்காரர் இரண்டு சீட்டு கேட்டு வாங்கிக் கடை வாசலில் போட்டுக்கொண்டார். ஜன்னல் சட்டங்களை ஒருவர் கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கொண்டார். மணிக் கயிறு பள்ளிக்கூடத்துக்குப் போனது, பூக்காரிகள் கூடை வைக்கிற பின்பக்கத் தட்டைப் பெயர்த்துக்கொண்டு போய்க் கோவில் வாசலில் பலகையாகப் போட்டார்கள். கூரைத் தகடு, கதவு, டயர், டீசல் டேங்கி, எஞ்சின் என்று ஒவ்வொன்றாகக் கிரேன் தூக்கிப் போக, தங்கபுஷ்பம் தினமும் கோட்டுக்கு வெளியே முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு சாமானுக்கும், "இப்ப கொறஞ்சிருக்கா? இப்ப?" என்று கேட்டாள்.

"கனம் முன்னயும் இல்லையே புஷ்பம்" என்பார் அவர், மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில்.

கடைசி நாள் ஊரே வந்திருந்தது. மிச்சம் இரண்டு நீள இரும்புச் சட்டமும் நடுவில் ஒரு குறுக்குச் சட்டமும்தான், அதில்தான் அவர் கை இருந்தது. கேஸ் கட்டரால் நறுக்கி, கிரேன் சங்கிலியில் கட்டி, அம்மனை நினைத்துக்கொண்டு தூக்கினார்கள். சட்டம் அவர் கையை விட்டு மேலே போனது. வானம் தெரிந்தது. ஒரு காக்கா பறந்து போனது. அவருக்கும் ஆகாசத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

கூட்டம் விசில் அடித்தது. யாரோ குலவை போட்டார்கள். தங்கபுஷ்பம் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தவசிமுத்து கையை இறக்கவில்லை.

"எறக்கும் வே, முடிஞ்சுது!" என்றார் சுடலையாண்டி.

"முடியல அண்ணாச்சி" என்றார் தவசிமுத்து. "இன்னும் இருக்கு."

"என்னத்த இருக்கு?"

"அதான் இருக்கே."

ஜாபர் ஒரு கம்பை எடுத்து அவர் கைக்கு மேலே அப்படியும் இப்படியும் வீசிப் பார்த்தான். கம்பு காற்றில் போய்க் காற்றில் வந்தது. டாக்டரைக் கூட்டி வந்தார்கள். ரொம்ப நாள் தூக்கியே வைத்திருந்ததில் தோள் பூட்டிக்கொண்டது, எண்ணெய் தடவி உருவிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். உருவிவிட இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தபோது தவசிமுத்து போட்ட சத்தத்தில் டீக்கடை வரைக்கும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அதன் பிறகு யாரும் தொடவில்லை.

பஸ்ஸைத் தாங்குகிறவரைப் பார்க்க வந்த ஊர் ஒன்றுமில்லாததைத் தாங்குகிறவரைப் பார்க்க வரவில்லை. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவது நின்றது, பிறகு மாடசாமி சவரத்துக்கு வருவதைக் குறைத்தான், பிறகு சைக்கிள்காரர்கள் உடன்குடி வண்டியை வேறு யாரிடமோ கேட்க ஆரம்பித்தார்கள். கூரை இல்லாத பட்டறை எதற்கு என்று முதலாளி வேலையெல்லாவற்றையும் தென்காசிக்கு மாற்றினார், ஃபேனையும் கழற்றிக்கொண்டு போனார்கள். ஜாபருக்கும் அங்கேதான் வேலை என்றாகிவிட்டது. போகிற அன்று அவன் தங்கபுஷ்பத்தின் முன்னால் வந்து நின்று, "என்னய மன்னிச்சிரு அக்கா, புள்ளகுட்டி இருக்கு" என்றான். அவள் அவனைத் திட்டவில்லை. அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை நாளும் தான் ஊட்ட முடியாத சோற்றை ஊட்டின கை.

"எல்லாம் நான் சொன்ன யோசனை" என்று அவள் அன்று அம்மன் முன்னால் சொன்னாள். "பஸ் இருந்தவரைக்கும் நாலு பேரு இருந்தாவ. நான்தான் பிரிச்சுப் போடச் சொன்னேன்." அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாததால் ஒன்றும் கேட்காமல் விபூதியைப் பூசிக்கொண்டு எழுந்தாள்.

மத்தியானம் சோற்றுத் தூக்கோடு பட்டறைக்கு வந்தபோது வானம் மூடிக்கொண்டிருந்தது. பட்டறையில் ஒருவரும் இல்லை. நடுவில் தவசிமுத்து மட்டும், பலகையில் சாய்ந்து, இரண்டு கையையும் மேலே ஏந்தி நின்றுகொண்டிருந்தார். அவள் வழக்கம்போலக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். தூக்கை வாங்க யாராவது வருவார்கள் என்று நின்றாள். ரொம்ப நேரம் நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மேலே வண்டி இருக்கும்போதுதானே யாரும் தாண்டக் கூடாது? வண்டிதான் இல்லையே. தடுக்க ஆளும் இல்லையே.

அவள் தாண்டினாள்.

"வராத புஷ்பம்!" என்றார் அவர். அவர் குரலில் அவள் கேட்டறியாத ஒரு பயம் இருந்தது. "உனக்குத் தெரியாது. இருக்கு. மேல இருக்கு. வராத."

"இருக்கட்டும்" என்றாள் அவள். "நான் இல்லன்னு சொன்னேனா?"

கிட்டே போய் முதலில் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள். கழுத்தைத் துடைத்தாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவர் மேல் அவள் கை பட்டது, கிரீஸும் வேர்வையும் கலந்த அந்த வாடை அப்படியே இருந்தது, ஊட்டிவிடலாம் என்று தூக்கைத் திறக்கப் போனவள், அவர் முழங்கை நடுங்குவதைப் பார்த்தாள். காற்றில் வாழையிலை நடுங்குகிற மாதிரி நிற்காமல் நடுங்கியது. இவ்வளவு கிட்டத்தில் நின்றால்தான் அது தெரியும் போலிருக்கிறது. அவள் தூக்கைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். அவர் கைக்குப் பக்கத்தில் தன் இரண்டு கையையும் எட்டி உயர்த்தி, ஒன்றுமில்லாத காற்றில், கோவிலில் தீபம் வாங்கப் போகிறவள் மாதிரி, உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

இரும்பு இருந்தது. சில்லென்று, லேசாக எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒரு போல்ட்டுத் தலை அவள் சுண்டுவிரலில் இடிக்கும்படி இருந்தது.

அதற்குப் பிறகு பாரம் வந்தது. தோளில் இறங்கி, முதுகில் இறங்கி, முட்டியில் இறங்கி, குதிகால் வழியே தரைக்குப் போய் அங்கேயும் நிற்காமல் அழுத்தியது. சீட்டும் எஞ்சினும் டயரும், கழற்றிக்கொண்டு போன ஒவ்வொன்றும் அப்படியே அதில் இருந்தது. தூங்குகிற பிள்ளையாம்! தங்கபுஷ்பத்துக்கு வாயைத் திறந்து அழக்கூட மூச்சு இல்லை. இத்தனை நாள், இத்தனை மாசம், இந்த மனுஷர் இதைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்தாயா என்று அவளிடம் கேட்டிருக்கிறார்.

"பொய்க்காரரு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சொன்னா நீ சோறு திங்க மாட்டியே" என்றார் அவர்.

பஸ் ஒரு தரம் அசைந்தது. ஆறு பேருடைய கையை மதிக்காத பஸ், எதை நினைத்துக்கொண்டதோ, மெதுவாகக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்ந்து, அமர்ந்துகொண்டது. தவசிமுத்து வலது கையின் ஒரு விரலை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு விரலை எடுத்தார். பிறகு முழுக் கையையும் எடுத்தார். அந்தக் கை கீழே வந்து, யாருடையதோ மாதிரி, அவர் விலாவில் தொங்கியது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். இடது கையைத் தளர்த்தியும் பார்த்தார், உடனே பஸ் உறுமியது, அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

ஒன்றுதான். ஒரு கைதான். அதற்கு மேல் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோனது.

"உன் கைய இனி எடுக்க முடியாது பிள்ள" என்றார் அவர். "எதுக்கு வந்த?"

அவர் அந்தக் கையை மெதுவாகத் தூக்கி, அவள் நெற்றியில் ஒட்டிக்கிடந்த மயிரை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் விட்டார். கை பழக்கம் விட்டுப்போய்க் காதுக்குப் பதிலாகக் கண்ணில் இடித்தது. இரண்டு பேரும் அதற்குச் சிரித்துவிட்டார்கள்.

அப்போது மழை பிடித்தது. தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே சடசடவென்று கொட்டியது. கூரை இல்லாத பட்டறை முழுக்க நனைந்து தரையில் வெள்ளம் ஓடியது, அவர்கள் நின்ற இடத்தைச் சுற்றி மட்டும், ஒரு பஸ் நீளத்துக்கும் ஒரு பஸ் அகலத்துக்கும், தரை காய்ந்து வெளுப்பாய்க் கிடந்தது. அதன் ஓரத்தில் மழை நாலு பக்கமும் திரைச்சீலை மாதிரி நேராக இறங்கியது.

ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற பூக்காரிகள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்கள். எங்கே ஒதுங்குவது என்று சுற்றிப் பார்த்தார்கள், காய்ந்த தரையைப் பார்த்தார்கள், நேரே அதற்குள் வந்து நின்று முந்தானையைப் பிழிந்தார்கள். பின்னாலேயே சைக்கிள்காரர் இரண்டு பேர். உப்பு லாரி கிளீனர் ஒருவர்.

"நல்ல எடம், ஒரு சொட்டு ஒழுகல" என்றாள் ஒரு பூக்காரி. மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்ன மைனி, நீங்களும் இங்கதான் நிக்கியளா?"

தங்கபுஷ்பத்தால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. தலைக்கு மேலே கனம், கனத்துக்குக் கீழே இத்தனை பேர், இத்தனை பேருக்கும் நடுவில் தன் இரண்டு கை. அம்மா தாயே, இவர்கள் சீக்கிரம் போகட்டும், மழை சட்டென்று நிற்கட்டும் என்று அவள் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, ரோட்டோரம் புளியமரத்தடியில் கைக்குழந்தையை மாராப்பால் மூடிக்கொண்டு நனைகிற ஒரு பெண்ணைத் தவசிமுத்து பார்த்துவிட்டார். பார்த்ததும், புதிதாய்க் கிடைத்த அந்த ஒரு கையை மழைக்குள் நீட்டி ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார்.

"எம்மா, அங்கன ஏன் நனையுத? பிள்ளையக் கூட்டிட்டு இங்க வா. உள்ள வா, இன்னும் எடம் இருக்கு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள் தங்கபுஷ்பம். அந்தப் பெண் தண்ணீரில் காலடி வைத்து ஓடி வந்துகொண்டிருந்தாள், மாராப்புக்கு வெளியே குழந்தையின் ஒரு சின்னக் கால் நனைந்து ஆடிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் வாயை மூடிக்கொண்டு, விரல்களை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்து வைத்துக்கொண்டாள்.